மௌனம் சான்றாகுமா?

பெரியதொரு புகைப்படத்தை வீட்டுக் கணினியில் திறந்துவைத்து அதன் மங்கலை நீக்கவோ நிறத்தைத் திருத்தவோ முனைந்திருக்கும் ஒருவர், கட்டளையைக் கொடுத்த சற்று நேரத்தில் திரை வெளிறி, மௌஸின் அம்பு சுழலும் வளையமாக மாறி, எதை அழுத்தினாலும் அசைவின்றி நிற்பதைக் காண்பாராயின், 'ஹேங் ஆகிவிட்டது' என்று அலுத்துக்கொண்டு மென்பொருளை மூடிவிட முற்படுவார். அப்படி முற்படுகிறவர், நம் தேசத்துத் தார்க்கிகர்கள் பல நூற்றாண்டுகள் வாதித்த பிரச்னையொன்றில், தாம் அறியாமலே தீர்ப்பு வழங்கிவிடுகிறார். ஒன்றினிடமிருந்து பதில் வரவில்லை என்பதைக் கொண்டே அது இல்லை என்றோ, உயிரற்றுப்போயிற்று என்றோ நிச்சயிக்கலாமா என்பதுதான் அப்பிரச்னை.

இன்மையை அறிவதற்கு அநுபலப்தி என்னும் தனிப் பிரமாணம் உண்டு என்றனர், குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகரும் அத்வைதிகளும். அது பிரத்தியட்சத்திலேயே அடங்கும் என்றனர் நையாயிகர். அருணந்தி சிவாசாரியாரோ சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் அளவைகளை ஆராயுமிடத்து அபாவத்தையும் ஒன்றாக எண்ணிச் சொல்லிவிட்டு, யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று முடித்தார். வகுப்பதில் இத்தனை பேதம் இருப்பினும், நமக்கு வேண்டிய நிபந்தனை வேதாந்த பரிபாஷையில் தெளிவாக இருக்கிறது: இருந்திருந்தால் புலப்பட்டே தீரவேண்டிய பொருள் புலப்படாதபோதுதான் அதன் இன்மை சித்திக்கும். வெளிச்சமுள்ள அறையில் குடம் தென்படாவிட்டால் குடம் இல்லை. இருட்டறையில் தென்படாவிட்டால் அதனால் நிரூபணமாவது யாதொன்றுமில்லை.

வெளிறிய திரை எவ்வகை அறை என்று பார்ப்போம். பெரும்பாலான மென்பொருள்களில், நாம் அழுத்தும் விசைகளைக் கேட்டு ஜன்னலைப் புதுப்பித்துக் காட்டுகிற வேலை ஒரே கணிப்பு இழையைச் சார்ந்தது; அவ்விழை கனமான கணக்கொன்றில் ஆழ்ந்துவிட்டால் அல்லது அதன் முடிவுக்காகக் காத்திருந்தால், உள்ளே வேலை மும்முரமாக நடந்தாலும் வெளியே பதில் சொல்ல எவருமில்லை. விண்டோஸ், ஒரு ஜன்னல் 5 விநாடி பதில் தராவிட்டால் அதன் தலைப்பில் 'பதிலளிக்கவில்லை' என்று எழுதிவிடுகிறது. அதனினும் விசித்திரம், அப்போது நாம் காண்பது அந்த மென்பொருளின் ஜன்னலே அன்று என்பது. அதை மறைத்துவிட்டு, அதே உருவில் விண்டோஸ் தானே வரைந்து நிறுத்திய சாயல் அது. மாயாவாதிகளுக்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது!

உள்ளே நடப்பது அற்ப வேலையுமன்று. அகலம் 6000, உயரம் 4000 பிக்சல் கொண்ட படத்தில் 2.4 கோடிப் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வீதம் ஒரு லேயருக்கே ஏறக்குறைய 72 எம்.பி. ஆகும். லேயர் பத்தானால் 720. நிறத்தை 16 பிட்டில் வைத்தால் அதுவும் இருமடங்கு. செய்ததைத் திரும்பப் பெறுவதற்காகச் சேர்த்துவைக்கும் பழைய நிலைகள் தனி. 4 ஜி.பி. ரேம் உள்ள கணினியில், பிரௌசரும் பிறவும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பின்பு, எஞ்சிய இடம் போதாமல் மென்பொருள் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கத் தொடங்குகிறது. நாம் மரணம் என்று நினைப்பது பல சமயங்களில் இந்தப் போக்குவரத்தே.

ஆகவே முதலில் விளக்கேற்ற வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அந்த மென்பொருளின் வரிசையில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்னும் பத்திகளைச் சிறிது நேரம் கவனித்தால், எண்கள் அசைகின்றனவா என்பது தெரியும். டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் காத்திருக்கலாம். சி.பி.யு.வும் டிஸ்க்கும் பூஜ்யத்தில் நெடுநேரம் நின்றால் மூடலாம். மூடிய பின் காரணத்தைத் தேடுவதற்கு அந்வய வியதிரேக முறையே உத்தமம், அதாவது ஒவ்வொன்றாக மாற்றி, எதை நீக்கினால் கோளாறு நீங்குகிறது, எதைச் சேர்த்தால் திரும்புகிறது என்று பார்ப்பது. கிம்ப் என்னும் படத்திருத்த மென்பொருள் திறக்கும்போதே நின்றால் புதிதாகச் சேர்த்த எழுத்துருக்களைச் சந்தேகிக்கலாம். ஃபோட்டோஷாப்பைத் திறக்கும் கணத்தில் கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்தால் பழைய அமைப்புகளை அழிக்கவா என்று கேட்கும். கிராஃபிக்ஸ் பிராசஸரின் உதவியை நிறுத்திப் பார்ப்பது மற்றொரு சோதனை. இவற்றையெல்லாம் ஒரே மாலையில் ஒருசேர மாற்றிவிட்டு 'சரியாகிவிட்டது' என்று மகிழ்கிறவர் காரணத்தை ஒருநாளும் அறியமாட்டார்.

ஆனால் விளக்கும் போதாத ஓரிடம் உண்டு. டிஸ்க் சும்மா இருக்க, சி.பி.யு. மட்டும் ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தால், அது முடிவை நோக்கி நடக்கிறதா, செக்குமாடுபோல் ஒரே வட்டத்தில் சுற்றுகிறதா என்பதை எண்கள் சொல்வதில்லை. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது என்றேனும் நிற்குமா, நில்லாதா என்று தவறாமல் கூறவல்ல பொதுவிதி ஒன்று இருக்கவே முடியாது என்று 1936இல் ஆலன் டூரிங் நிரூபித்தார். இது கருவியின் குறையன்று. மேலும் வேகமான கணினி வந்தாலும் தீராது.

தெய்வத்தின் மௌனத்தைப் பற்றி இருதரப்பாரும் இதே திரையின் முன் அமர்ந்து வாதிப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. பிரார்த்தித்தேன், பதிலில்லை, ஆகையால் தெய்வமில்லை என்கிறவர், இருந்திருந்தால் இவ்விதம், இந்நேரத்தில், என் செவிக்கு எட்டப் பதில் வந்தே தீரும் என்பதை முதலில் ஸ்தாபிக்க வேண்டும். அதை அவர் ஸ்தாபிப்பதில்லை. எதிர்த்தரப்பாரோ, பதிலின்மையையே அருளின் ஆழமென்று வியாக்கியானம் செய்கிறார்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஒருங்கே சான்றாகும் என்றால் அது சான்றே ஆகாது. துயரத்தின் கொடுமையைக் காட்டி நாஸ்திகர் செய்யும் வாதம் வேறு, அதன் பலமும் வேறு. மௌனத்தை மட்டும் நம்பிய வாதம் இருபுறத்தும் தோற்கிறது என்பதே என் தீர்ப்பு.

நிச்சயம் கிட்டாத இடத்திலும் வியவகாரம் நின்றுவிடுவதில்லை. மூடுவதா, காத்திருப்பதா என்று எப்படியும் முடிவெடுத்தாக வேண்டும். அம்முடிவு பிழைத்தால் நேரும் நஷ்டத்தைக் குறைப்பது மட்டுமே நம் வசத்தில் இருக்கிறது. கிம்ப் தானாகக் கோப்பைச் சேமிப்பதில்லை. ஆதலால் கனமான ஃபில்டர் எதையும் ஏவுமுன், தயவுசெய்து ஒருமுறை கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்திவிடுங்கள்.