இறக்கி வைத்த சுமை

மனிதன் வாழ்வதற்கு எவ்வளவு பொருள் வேண்டும்? அறநூலார் காலங்காலமாக எழுப்பிவந்த இவ்வினாவுக்குக் கிலோகிராமில் விடை தரும் சீட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவில் இன்று விற்பனைக்கு வரும் புதிய மோட்டார் ஹோம் ஒவ்வொன்றிலும் அதனை ஒட்டியிருப்பார்கள். ஆட்களும் பொருள்களும் சேர்ந்து இன்ன எடையைத் தாண்டலாகாது என்பது அச்சீட்டின் கட்டளை. நீர்த்தொட்டி நிரம்பினால் அந்நீரின் எடை மட்டுமே இவ்வளவு என்னும் எச்சரிக்கையும் கூடவே இருக்கும்.

படுக்கை, அடுப்பு, குளியலறை, கழிப்பறை அனைத்தும் தன்னுள் அடங்கிய ஊர்தி அது. விடுமுறைக்கு மட்டும் அதில் செல்வோர் பலர். பணி ஓய்வுக்குப் பின் வீட்டையே விற்றுவிட்டு, ஆண்டு முழுவதும் அதிலேயே வாழப் புறப்படுவோரும் உளர். இவர்களுடைய ஆயத்தம் மாதக்கணக்கில் நீளும். நீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 300 லிட்டர் ஏற்றினால் 300 கிலோ போயிற்று. எஞ்சிய எடைக்குள் துணிமணி, பாத்திரம், மருந்து, கருவிப்பெட்டி எல்லாம் அடங்கியாக வேண்டும். மீறினால் டயர் சூடேறி, ஓடும்போதே வெடிக்கக்கூடும். ஆகவே நெடுஞ்சாலையோரத்தில் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் தங்கள் வீட்டை ஏற்றி நிறுத்தி, அச்சு வாரியாக எடை பார்க்கிறார்கள். ஒரு தையல் இயந்திரமா, ஒரு பெட்டிப் புத்தகமா என்று கணவனும் மனைவியும் வழக்காடும் நாள்கள் இவை.

எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கும் இதில் தவறியவரே. 1960ஆம் ஆண்டு, தமது 58ஆம் வயதில், லாரியின் மேல் பொருத்திய சிறு அறையில் அமெரிக்காவைச் சுற்றிவரப் புறப்பட்டார். டான் கிஹோத்தேயின் குதிரையான ரோசினாந்தேயின் பெயரையே அவ்வண்டிக்குச் சூட்டினார். தேவைக்கு மிஞ்சி ஏற்றிவிட்டதை, 1962இல் வெளியான தம் பயண நூலில் அவரே ஒப்புக்கொண்டார். படிக்காமல் கிடந்த நூல்களைப் பயணத்திலாவது படித்துவிடலாம் என்று எடுத்துச் சென்றாராம். நம்மில் யார்தான் அப்படி எண்ணாதவர்?

இவ்வளவையும் கேட்கும்போது, இது துறவுக்கு அண்மையானதொரு பயிற்சி என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. இறக்கி வைத்த சுமை மறைந்துபோவதில்லை. எங்கோ ஓரிடத்தில், எவர் தோளிலோ அது இருக்கிறது. மேசையும் அலமாரியும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகின்றன. அவர்கள் வேண்டாமென்றால் வாடகைக் கிடங்குக்குப் போகின்றன. கிடங்கில் பூட்டி வைத்துவிட்டு, மாதந்தோறும் வாடகையும் செலுத்திக்கொண்டு, ‘அனைத்தையும் விட்டுவிட்டோம்’ என்பதைத் துறவு என்று எப்படிச் சொல்வது?

முகவரியும் அப்படித்தான். வீடில்லாதவருக்கும் சட்டத்தின் முன் ஓர் ஊர் வேண்டும். ஓட்டுநர் உரிமம், காப்பீடு, வாக்குரிமை யாவும் அதனைச் சார்ந்தவை. ஆதலால் பலர் டெக்சாஸ், புளோரிடா, தெற்கு டகோட்டா ஆகிய மாநிலங்களுள் ஒன்றைத் தேர்கின்றனர். அங்கே மாநில அளவில் ஊதியத்திற்கு வருமான வரி இல்லை. கடிதங்களைப் பெற்று அனுப்பிவைக்கும் நிலையங்களும் உண்டு. சட்டப்படி இதில் குற்றமில்லை. எனினும், ஓர் ஊரைச் சேர்ந்தவராயிருப்பது வரிக்கணக்கோடு முடிந்துவிடுகிறதா? அடுத்த தெருவில் இழவு விழுந்தால் அவ்வூரார் இவரை எதிர்பார்ப்பார்களா?

இவற்றைவிடக் கனமான ஒன்று, எந்த எடைமேடையிலும் காட்டாதது, முதிய பெற்றோர். மகன் ஒருவன் மனைவியோடு புறப்படுகிறான் என்றால், பெரும்பாலும் அவனுடைய தங்கையோ தமையனோ ஊரில் தங்கியிருக்கிறார்கள். தாயை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், நள்ளிரவில் தொலைபேசியை எடுப்பதும் அவர்களே. புறப்பட்டவன் மலைகளின் படங்களை அனுப்புவான். அவன் அன்பில்லாதவன் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒருவர் விட்டு விடுதலையாவதற்கு மற்றொருவர் கட்டுண்டிருக்க வேண்டியிருந்தால், அந்த மற்றவரை முன்கூட்டியே கேட்டார்களா? ஆயத்தப் பட்டியல்களில் டயரின் காற்றழுத்தம் இருக்கும். இந்தக் கேள்வி இருப்பதரிது.

பிறர்மேல் சுமத்த இயலாத சுமை ஒன்றும் அவ்வண்டியில் உண்டு. கழிப்பறை நீர் வண்டிக்கடியில் உள்ள தொட்டியில் சேரும். நாள் சில சென்றதும், அதற்கென அமைந்த இடத்துக்கு ஓட்டிச் சென்று, கையுறை அணிந்து, குழாயைப் பொருத்தித் தானே வெளியேற்ற வேண்டும். வங்கி மேலாளராயிருந்தவரும் பேராசிரியராயிருந்தவரும் இதற்கு விலக்கல்லர். முதன்முறை முகம் சுளிப்பவர்களுக்கும் பிறகு பழகிவிடுகிறது. தன் கழிவு தன்னுடையதே என்று அறிவதற்கு, சொந்த வீட்டில் வாழ்ந்த நாற்பது ஆண்டுகளில் அவருக்கு வாய்ப்பே கிட்டியிருக்காது.

வண்டியில் வாழ்வோர் அனைவரும் விரும்பிப் புறப்பட்டவர் அல்லர் என்பதையும் மறத்தலாகாது. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர், வண்டிகளில் தங்கி, சர்க்கரை பீட் வயல்களிலும் சரக்குக் கிடங்குகளிலும் பருவ வேலை தேடி அலைந்ததை ஜெசிகா புரூடர் 2017இல் வெளியிட்ட ‘நோமேட்லேண்ட்’ என்ற நூல் விவரிக்கிறது. வீட்டை விற்றவரும் வீட்டை இழந்தவரும் ஒரே திடலில் அடுத்தடுத்து வண்டி நிறுத்துவது உண்டு. எதை விடுவது என்பது முன்னவருக்குச் சிந்தனை. பின்னவருக்கு அந்தத் தெரிவு இருந்ததே இல்லை.

ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்னும் தம்பதியர் 1978இல் இத்தகைய பயணிகளுக்காக ‘எஸ்கேபீஸ்’ என்ற சங்கத்தைத் தொடங்கினர். தப்பியோடியவர்கள் என்பது அப்பெயரின் பொருள். ஆண்டுகள் செல்லச் செல்ல, தப்பியோடியவர்களுக்கும் மூப்பு வந்தது. பார்வை மங்கியது, நோய் வந்தது, ஓட்டுவதற்குக் கை நடுங்கியது. 1990களில் டெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் நகரருகே அவர்களுக்கென ஒரு பராமரிப்பு மையம் எழுந்தது. முதியவர்கள் தங்கள் வண்டியை அங்கே நிறுத்தி, அதிலேயே குடியிருந்தனர். பொதுக்கூடத்தில் உணவு பரிமாறப்பட்டது; மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஆள் இருந்தது. இன்னும் பயணம் செய்யும் வலிமையுள்ள உறுப்பினர்கள் தம் பயணத்தை நிறுத்தி, சில வாரங்கள் அங்கே தங்கி, அவர்களுக்குப் பணிவிடை செய்துவிட்டுச் சென்றனர்.