கற்றதைத் திருப்பித் தர முடியுமா?

"கத்துக்கிட்டதைத் திருப்பித் தர முடியுமா தம்பி? நீ அதைக் குடு, நான் பணத்தைக் குடுக்கிறேன்."

உங்களிடம் ஒருவர் இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? எனக்குச் சட்டென்று எதுவும் தோன்றவில்லை. நல்லவேளை, கேட்டது என்னிடம் இல்லை. ஒரு பிக்கப் வண்டி டிரைவரிடம். கேட்டவர், டிரைவிங் ஸ்கூல் முதலாளி ஒருவர்.

கொடைக்கானலில் நண்பர் வீட்டுக் கல்யாணம். திரும்பும்போது பஸ்ஸைத் தவறவிட்டேன். மூஞ்சிக்கல்லில் நின்றுகொண்டிருந்தபோது, பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டைகளோடு வந்த பிக்கப் ஒன்று நின்றது. "வத்தலக்குண்டு வரைக்கும் போறேன், வர்றீங்களா சார்?" ஏறிக்கொண்டேன். ஓட்டியவருக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில், வெள்ளி அருவி வருவதற்குள் தன் கதையை ஆரம்பித்துவிட்டார்.

2025 பிப்ரவரி. சொந்தமாக பிக்கப் வாங்க லோன் தயார். கையில் கார் ஓட்டுகிற லைசென்ஸ் இருக்கிறது. எதற்கும் விசாரிக்கலாம் என்று மலைக்குக் கீழே ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிருக்கிறார். "லோடு வண்டின்னா ஹெவி லைசென்ஸ் இருந்தே ஆகணும் தம்பி. இல்லாம ஓட்டி ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் பத்துப் பைசா தரமாட்டான். வீடு வாசலை வித்துத்தான் கட்டணும்" என்று சொல்லியிருக்கிறார் முதலாளி. பயந்துபோனவர் மனைவியின் தோட்டை அடகு வைத்து 14,000 ரூபாய் கட்டினார். ஒரு மாதம் லாரியில் பயிற்சி. எல்லாம் முடிந்த பிறகு, லோன் கொடுத்த இடத்தில் ஒருவர் கேட்டாராம்: "இந்த வண்டிக்கு எதுக்குப்பா ஹெவி?"

எதற்கும் இல்லை என்பதுதான் உண்மை. 7,500 கிலோவுக்கு மேல் போகாத வண்டி, சட்டத்தின் கண்ணில் இலகு ரக வாகனம். அது சரக்கு ஏற்றுகிற வண்டியாக இருந்தாலும் சாதாரண கார் லைசென்ஸ் போதும் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் விடவில்லை. விவகாரம் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. 2024 நவம்பர் 6-ம் தேதி அந்த அமர்வும் அதையே உறுதி செய்தது. பூண்டு மூட்டையோடு சேர்த்து நிறுத்தாலும் பிக்கப் அந்த எடையில் பாதிகூட வராது. ஓவர்லோடு ஏற்றாத வரைக்கும்!

ஆக, முதலாளி காட்டிய பூச்சாண்டி முழுக்க கற்பனை இல்லை. ஒருகாலத்தில் பல குடும்பங்களை நிஜமாகவே ஆட்டி வைத்ததுதான். ஆனால் அதன் உயிர் போய் மூன்று மாதம் ஆன பிறகும், அதைக் காட்டியே 14,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

நம் தம்பி நேராகப் போய்ப் பணத்தைக் கேட்டிருக்கிறார். அப்போது வந்ததுதான் அந்தக் கேள்வி. கத்துக்கிட்டதைத் திருப்பித் தர முடியுமா?

நான் பி.காம். படித்தவன். வணிகச் சட்டம் என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தை உருப்போட்டு எழுதியிருக்கிறேன். தவறான தகவலைச் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தால், ஏமாந்தவர் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஆனால் 64-வது பிரிவு ஒரு நிபந்தனை போடுகிறது. ரத்து செய்கிறவர், அதனால் தான் அடைந்த பலனையும் இயன்ற வரையில் திருப்பித் தரவேண்டும். சட்டப் புத்தகத்தைத் தொட்டே பார்த்திராத முதலாளி, அந்த நிபந்தனையைத்தான் தன் பாணியில் கேட்டிருக்கிறார்!

புடவையைத் திருப்பித் தரலாம். மிக்ஸியைத் திருப்பித் தரலாம். கிளட்ச் மிதிக்கப் பழகின காலை எப்படித் திருப்பித் தருவது?

இன்னொன்றும் உறுத்தியது. நான் படித்த காஸ்ட் அக்கவுண்டிங் பத்திரிகை வேலையில் ஒருநாளும் எனக்கு உதவியதில்லை. அதற்காகக் கல்லூரி வாசலில் நின்று மூன்று வருட ஃபீஸைத் திருப்பிக் கேட்க முடியுமா? சிரிப்பார்கள். பிறகு லாரிப் பயிற்சிக்கு மட்டும் எப்படிக் கேட்பது?

பெருமாள்மலை வரைக்கும் யோசித்ததில் ஒரு வித்தியாசம் பிடிபட்டது. 'பி.காம். படிக்காவிட்டால் உன்னைப் பத்திரிகையில் சேர்க்கமாட்டார்கள்' என்று என் கல்லூரி என்னிடம் சொல்லவில்லை. நானாகச் சேர்ந்தேன். பயன்படாமல் போனது என் கணக்கு. இந்தப் பையனிடம் சொல்லப்பட்டது பொய். தெரிந்தே சொன்னதோ, தெரிந்துகொள்ளாமல் சொன்னதோ. தொழிலே அதுவாக வைத்திருப்பவர் 'எனக்குத் தெரியாது' என்பதும் ஒரு குற்றம்தான். பாடம் நல்ல பாடமாகவே இருக்கட்டும். அதை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற உரிமையை அவர் பறித்துவிட்டாரே! திருப்பிக் கேட்பது பாடத்துக்கான விலையை அல்ல, அந்தப் பயத்துக்கான விலையை.

"தம்பி, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போங்க. 1915-க்கு போன் பண்ணினா வழி சொல்லுவாங்க. அஞ்சு லட்சம் வரைக்கும் கோர்ட் ஃபீஸே கிடையாது. 14,000-ஐயும் முழுசா கேளுங்க" என்றேன் வீராவேசமாக.

அவர் பதில் சொல்லவில்லை. வண்டி ஊத்து தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு டூரிஸ்ட் கார். பிரேக் கருகுகிற வாசனை எங்கள் மூக்கு வரைக்கும் வந்தது. "பாருங்க சார், பிரேக்கை மட்டும் நம்பி இறங்குறாங்க" என்றபடி இரண்டாவது கியருக்கு மாற்றினார். எதிரே மேலேறி வந்த பஸ்ஸுக்காக ஓரம் கட்டி நின்றார். "ஏறுற கியர்லயே இறங்கணும், ஏறுறவனுக்கு வழி விடணும். லாரி மாஸ்டர் சொல்லிக் குடுத்தது. பின்னாடி லோடு தள்ளுறது எப்படி இருக்கும்னு அந்த லாரியிலதான் சார் தெரிஞ்சுக்கிட்டேன். கார் ஓட்டினப்போ தெரியாது."

டம்டம் பாறை பக்கம் கீழே பள்ளத்தைப் பார்த்தேன். சட்டம் தேவையில்லை என்று சொன்ன பயிற்சிதான் அந்த நிமிடம் என்னைப் பத்திரமாக இறக்கிக்கொண்டிருந்தது.

"அப்ப பணம் கேட்டது தப்புன்னு நினைக்கிறீங்களா?"

"அது எப்படி சார் தப்பாகும்? பொய் சொன்னாருல்ல? ஆனா லாரி ஓடுச்சுல்ல! டீசல் 4,000, மாஸ்டர் கூலி 3,000. அதைக் கழிச்சுக்கிட்டு மீதி குடுங்கண்ணேன்னு கேட்டேன். முதல்ல சண்டை போட்டாரு. நாலு தடவை போய் நின்னேன். ரெண்டு தவணையில குடுத்துட்டாரு. தோட்டை மூட்டாச்சு."

மீதி 7,000. சரியாகப் பாதி. 'இயன்ற வரையில்' என்று சட்டம் எழுதி வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. கற்றதைத் திருப்பித் தர முடியாதுதான். ஆனால் கற்றுக்கொடுக்க ஆன செலவை மறுக்காமல் இருக்க முடியும். ஏமாற்றப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு, ஏமாற்றியவரின் நியாயமான செலவைக் கணக்கில் வைத்துக்கொள்கிற மனசு வரும்? எனக்கு வந்திருக்காது.

காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டும்போது கடைசியாக ஒன்று கேட்டேன். "இப்ப யாராவது பசங்க வந்து பிக்கப் ஓட்ட என்ன வேணும்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"ஹெவி லைசென்ஸ் வேண்டாம், யாராவது கேட்டா ஏமாந்துடாதேன்னு சொல்லுவேன். சொல்லிட்டு, லோடு வண்டியில ஒரு வாரம் என்கூட இறங்கிப் பழகிக்கோடான்னு சொல்லுவேன்."

"எவ்வளவு வாங்குவீங்க?"

"டீ வாங்கிக் குடுத்தா போதும் சார்" என்று சிரித்தார்.