பொம்மை நோயாளி சாகலாமா?

நோயாளியின் உடலைப் பயிற்சிக்களமாக்குதல் தகாது என்பது பழங்கொள்கை. கத்தி பிடிக்கப் புகும் மாணாக்கன் முதலில் பூசணியிலும் சுரைக்காயிலும் கீறிப் பழகுக எனச் சுசுருத சங்கிதை விதித்தது. பிரெஞ்சு நாட்டில் 1759-இல் மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணை பெற்ற மருத்துவச்சி து கூத்ரே அம்மையார், துணியாலும் தோலாலும் பெண்ணின் இடுப்பும் குழவியும் சமைத்து, ஊர்தோறும் சென்று பேறு பார்க்கக் கற்பித்தார். 1960-இல் நார்வே நாட்டு விளையாட்டுப் பொம்மைத் தொழிலதிபர் ஆஸ்முண்ட் லேர்டால், வாயோடு வாய் வைத்து மூச்சூட்டப் பழகுதற்கு ஒரு பொம்மையை வெளியிட்டார்.

இன்றைய பொம்மைக்கு நாடி துடிக்கும். மார்பு ஏறித் தாழும். அடுத்த அறையில் கணினிமுன் அமர்ந்த ஆசிரியர் அவற்றை நிறுத்தவும் வல்லார். ஈண்டு ஒரு வினா எழுகின்றது. மருத்துவ மாணாக்கரும் தாதி மாணாக்கரும் முறை வழுவாது செய்தும், அப்பொம்மையைச் சாகவிடலாமா?

மருத்துவமனையில் மரணம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதனை இங்கேயே கண்டு பழகட்டும் என்பார் சிலர். இக்கூற்றில் உண்மை உண்டு. செய்வன யாவும் செய்தும் உயிர் பிரிதல் கூடும் என்பதையும், அச்செய்தியை உற்றாரிடம் எங்ஙனம் உரைப்பது என்பதையும் கற்பித்தலே நோக்கமாயின், அச்சாவு பாடமாகும். மருந்தின் அளவைக் கணிக்கக் கற்பிக்கும் ஒத்திகையில், மாணாக்கரைத் திடுக்கிடச் செய்தற்கோ தண்டித்தற்கோ பொம்மையைக் கொல்வது பாடமன்று. கொடுமையே என்போம் நாம்.

என்னை? நடுங்கியவர் நினைவில் நடுக்கமே நிற்கும். மருந்தின் அளவு நில்லாது. பிழைசெய்தால் இகழப்படுவோம் என்று கற்றவர், நாளை வார்டில் தம் பிழையை மறைப்பர். மறைத்த பிழைக்கு உயிரிழப்பது பொம்மையன்று, மனிதர்.

ஆதலின், ஒத்திகை வகுப்போர் கதை புனையுமுன் அதன் நோக்கத்தை எழுதிவைத்தல் வேண்டும். சாவும் நேரலாம் என மாணாக்கருக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். முடிந்தபின் உடனமர்ந்து, ஏன் அவ்வாறு செய்தனர் எனப் பொறுமையோடு கேட்டல் வேண்டும். பொம்மையின் நோய் பொய்யென்பதை இருதிறத்தாரும் அறிவர், அதனால் தீங்கில்லை. ஆசிரியர் மாணாக்கருக்குக் கொடுத்த வாக்கில் பொய் கலத்தலாகாது.

நாமனைவரும் ஒருநாள் நோயாளியின் கட்டிலிற் கிடக்க இருப்பவர்களே. அன்று நம்மருகில் நிற்பவர், தம் பிழையை அஞ்சாது அக்கணமே வாய்விட்டுச் சொல்லக் கற்றவராயிருத்தல் நமக்கு நலம்.