ஒரு மில்லிமீட்டர்

பிரிட்டனில் 'ஓ கேஜ்' அளவில் மாதிரி இரயில் வண்டிகளைச் செய்வோர், உண்மையான ஓரடியை 7 மில்லிமீட்டராகச் சுருக்குகின்றனர். அக்கணக்கின்படி தண்டவாளங்களின் இடைவெளி ஏறக்குறைய 33 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பெரும்பாலோர் இடுவதோ 32. இந்த ஒரு மில்லிமீட்டர் பொய்யாகுமா?

நியாயம் இல்லாமலில்லை. 300 மீட்டர் ஆரமுள்ள வளைவைச் சுருக்கினாலும் 7 மீட்டர் ஆரம் வேண்டும். எந்த வீட்டில் அத்தனை இடம்? எடையும் நீளத்தைப் போலச் சுருங்குவதில்லை. 10 டன் வண்டியின் மாதிரி, கணக்குப்படி சுமார் 120 கிராம்தான். தண்டவாள இணைப்பில் அது துள்ளிவிழும். ஆகவே சக்கர விளிம்பைத் தடிப்பாக்கி, பாதையைக் குறுக்கினார்கள். ஓடாத உண்மையால் யாருக்கு என்ன பயன் என்பது அவர்கள் வாதம். எனக்கும் அது ஓரளவு உடன்பாடே.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வெட்டிய பித்தளைத் தகடுகளை வாங்கிப் பற்றவைப்பவருக்கு இந்தச் சமரசம் ஆயத்தமாகவே வந்துவிடுகிறது. அதை அவர் அறியாமலும் இருக்கலாம். (நாம் மரபாகப் பெற்ற சமரசங்களுள் எத்தனையை அறிவோம்?) வெறுந்தகட்டிலிருந்து தாமே செய்பவரோ, வரைபடம் ஒன்று சொல்ல, தம் கையாலேயே வேறொன்றை அளந்து வெட்டுகிறார். அவர் அறிந்தே செய்கிறார்.

33 மில்லிமீட்டரே வேண்டும் என்போரும் உளர். 'ஸ்கேல் செவன்' என்பது அவர்கள் முறையின் பெயர். சக்கரங்கள் தடம் புரளாதிருக்க அச்சுகளுக்கு நுண்ணிய விற்கள் பொருத்துகின்றனர். அம்முறைக்கு மாறுகிறவர், பல்லாண்டுகளாகச் செய்த வண்டிகளின் சக்கரங்களையெல்லாம் கழற்றி மாற்ற வேண்டும். அதன்பின், நண்பர் வீட்டு 32 மில்லிமீட்டர் பாதையில் அவருடைய வண்டி ஓடாது.