யாருக்காக இந்தப் பயிற்சி?

உடல்நோய்க்கு மருத்துவம் செய்வோர்க்கு ஒரு வசதி உண்டு. வலிக்கிறதென்று நோயாளியே வருகிறார். வலி நின்றதென்று அவரே சொல்கிறார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கும் தெரபிஸ்டுக்கு அவ்வசதி இல்லை. குழந்தை தானாக வருவதில்லை, அழைத்து வரப்படுகிறது. மாற்றத்தை வேண்டுவோர் பெற்றோர். முன்னேற்றத்தைக் கணக்கெடுப்பது நிறுவனம். மாற வேண்டியது மட்டும் குழந்தை. அப்படியாயின், இப்பணியாளரின் முதற்கடமை யாருக்கு? மனச்சான்றுள்ள ஒவ்வொரு பயிற்சியாளரும் சந்தித்தே தீர வேண்டிய கேள்வி இது.

அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்தது எனலாம். அதன்பின் நெடுங்காலம், தாயின் பாசக்குறைவே இதற்குக் காரணம் என்று அறிஞர் பலர் நம்பினர். பெர்னார்டு ரிம்லண்டு என்னும் உளவியலார் 1964இல் வெளியிட்ட நூலில் அக்கருத்தை மறுத்தார். இது மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு என்பது இன்று தெளிவு. ஆயினும், தாயை நோக்கி நீளும் விரல் நம் ஊர்களில் இன்னும் மடங்கவில்லை.

கலிபோர்னியாவில் நடத்தைப் பயிற்சி முறையை வளர்த்தெடுத்தவர் ஐவர் லோவாஸ். வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளுள் 9 பேர் பிற குழந்தைகளை ஒத்த நிலையை எய்தியதாக 1987இல் அவர் அறிவித்தார். எண்ணற்ற பெற்றோர்க்கு அது நம்பிக்கை ஊட்டியது. ஆனால் அப்பயிற்சியில் அதட்டலும், சில வேளைகளில் தொடையில் அடியும் இடம்பெற்றிருந்தன. அடி இன்று கண்டிக்கப்படுகிறது. பிறரைப் போல் ஆக்குவதே வெற்றி என்னும் அளவுகோலோ இன்னும் பல இடங்களில் நீடிக்கிறது.

அந்த அளவுகோலைத் தருமபுரி மாவட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பென்னாகரத்துச் சிற்றூரிலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ ஒரு தாய் தன் மகனுடன் நகருக்கு வந்தால், அன்றைய கூலி போயிற்று. கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார். வாரம் 40 மணி நேரம் எங்கே, அவளுக்குக் கிடைக்கும் முக்கால் மணி நேரம் எங்கே! "பையன் எப்போது பேசுவான்?" என்பதே அவள் கேள்வி. அவளுக்கு உடனே எதையாவது காட்ட வேண்டும் என்ற நெருக்கடி தெரபிஸ்டுக்கு. காட்டுவதற்கு எளியது கீழ்ப்படிதல்தான். அசையாமல் உட்காருவது, கண்ணை நேருக்கு நேர் பார்ப்பது, படத்தைத் தொட்டு 'ஆப்பிள்' என்பது. பதிவேடு நிறைகிறது. ஆனால் கேழ்வரகுக் களி உண்ணும் வீட்டில், பசித்த குழந்தைக்கு அந்த 'ஆப்பிள்' என்ன செய்யும்?

குழந்தை ஏற்கனவே பேசிக்கொண்டிருக்கலாம், நாம் கேளாதிருக்கலாம். "சோறு வேணுமா?" என்று அம்மாவின் கேள்வியையே சில குழந்தைகள் திருப்பிச் சொல்வதுண்டு. அது பொருளற்ற ஒப்பித்தல் அன்று. அந்தச் சொற்களுக்குப் பிறகே சோறு வருகிறது என்பதைக் கண்டறிந்த குழந்தையின் விண்ணப்பம் அது. அரசு ஆவணங்கள் இவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்கின்றன. உண்மையில், குக்கரின் விசிலும் பேருந்தின் ஏர்ஹாரனும் இவர்களுள் பலரை நம்மைவிடக் கடுமையாகத் தாக்குகின்றன. கைகளை உதறுவதும் காதைப் பொத்துவதும் அத்தாக்குதலுக்கு நடுவே தம்மை நிலைப்படுத்திக்கொள்ளும் வழிகள்.

அப்படியானால் எதையும் தடுக்கவே கூடாதா? சாலையில் ஓடும் குழந்தையை, சுவரில் தலையை மோதிக்கொள்ளும் குழந்தையைத் தடுத்தே ஆக வேண்டும். 'எங்களுக்குப் பிறகு யார்?' என்று உறக்கமிழக்கும் பெற்றோரின் அச்சமும் பொய்யன்று. ஆனால் குழந்தையைக் காக்கும் பயிற்சி வேறு. நம் கூச்சத்தைக் காக்கும் பயிற்சி வேறு. இரண்டையும் பிரித்தறிவதே இப்பணியின் அறம்.

பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு. இப்பயிற்சி குழந்தைக்கு 'வேண்டாம்' என்று சொல்லக் கற்றுத்தருகிறதா? வாயால் முடியாவிடில் பட அட்டையால், கையசைவால், முகத்தைத் திருப்புவதால் சொல்லலாம். சொன்னபின் அது மதிக்கப்பட வேண்டும். மறுக்கக் கற்ற குழந்தை பயிற்சியாளரையே மறுக்கும். பதிவேட்டில் குறிகள் குறையும். ஆயினும், பெரியவர் எவர் சொன்னாலும் பணியவே பழக்கப்பட்ட குழந்தை, தீய எண்ணத்தோடு தொடும் கையை எப்படித் தடுக்கும்? கீழ்ப்படிதலை மட்டுமே கற்பித்தவர், தம்மை அறியாமலே அக்குழந்தையின் காவலைக் களைந்துவிடுகிறார். தம்மைப் பாதிக்கும் அனைத்திலும் தம் கருத்தைத் தெரிவிக்கும் உரிமை மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு உண்டென்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கூறுகிறது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. அந்தத் தாய் தன் மகன் அசையாமல் உட்கார வேண்டுமென ஏன் துடிக்கிறாள்? பேருந்திலும் திருமண வீட்டிலும் ஆலயத்திலும் நம் பார்வைகள் அவளைச் சுடுவதால்தானே! நாம் முகம் சுளிக்கும்வரை, நம்மைத் திருப்திப்படுத்தவே பயிற்சி அறையின் நேரம் செலவாகும். கையை உதறியபடி நம் அருகில் வந்தமரும் சிறுவனுக்கு இயல்பாக இடம் விட்டால், அந்த முக்கால் மணி நேரம் அவனுக்கே உரியதாகும்.