கண்ணாடிக்குள் ஒரு களஞ்சியம்

கனடாவின் வின்னிபெக் நகரில், ஆர்க்டிக் பழங்குடிகளான இனுயிட் மக்களின் கலைக்கென்றே எழுந்த மையம் கௌமாஜுக். 2021 மார்ச்சில் திறந்தார்கள். செலவு ஏறத்தாழ 6.5 கோடி கனடிய டாலர். மத்திய, மாகாண, மாநகர அரசுகள் பங்கு தந்தன. தனியார் கொடையும் சேர்ந்தது.

இத்தனை பெரிய தொகையைக் கேட்கும் துணிவு எங்கிருந்து வந்தது? கௌமாஜுக்கை எழுப்பிய வின்னிபெக் கலைக்கூடத்தின் நெடுநாள் சேகரிப்பிலிருந்துதான். 1960இல் சேகரிப்பாளர் ஜார்ஜ் ஸ்விண்டனிடமிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட சிற்பங்களை வாங்கினார்கள். 1971இல் இன்னொரு சேகரிப்பாளரான ஜெர்ரி டூமியின் தொகுப்பு வந்தது; அதில் மட்டும் சுமார் 4,000 படைப்புகள். பிறகு எண்ணிக்கை 14,000ஐ நெருங்கியது. கல்லிலும் திமிங்கில எலும்பிலும் வால்ரஸ் தந்தத்திலும் செதுக்கிய உருவங்களில் பெரும்பாலானவை பொதுமக்கள் பார்வை படாத வைப்பறையில் அடுக்கப்பட்டிருந்தன.

வைப்பறைக்குப் பணம் கேட்டால் கொடையாளர் மனம் எளிதில் இளகாது. அலமாரியும் ஈரப்பதக் கட்டுப்பாடும் யார் கண்ணில் படும்? கட்டடக் கலைஞர் மைக்கேல் மால்ட்ஸன் அந்த வைப்பறையையே நுழைவாயிலுக்குக் கொண்டுவந்தார். மூன்று மாடி உயரக் கண்ணாடிப் பெட்டகத்தில் ஆயிரக்கணக்கான சிற்பங்கள் நிற்கின்றன. தெருவில் போகிறவரும் பார்க்கலாம். கட்டணம் செலுத்தாமல் உள்ளே வந்து சுற்றியும் வரலாம். பராமரிப்புச் செலவையே காட்சியாக மாற்றிய இந்த யோசனையைத்தான் முழுத் திட்டத்தின் உயிர்நாடி என்பேன்.

ஆனால் கட்டடம் எழுந்துவிட்டால் போதுமா? யாருடைய கலை, யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி நிற்கிறதே. முதல் கண்காட்சியான 'இனுவா'வை ஹெதர் இக்லோலியோர்ட் உள்ளிட்ட நான்கு இனுயிட் காட்சியமைப்பாளர்கள் வடிவமைத்தார்கள். எத்தனை கோடி திரட்டினாலும் வாங்க முடியாத நம்பிக்கையை அது தேடித் தந்தது.

அந்தக் கேள்விக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. இனுயிட் மக்கள் வாழும் நுனாவுட் 1999இல் வடமேற்குப் பிரதேசங்களிலிருந்து பிரிந்து தனிப் பிரதேசமானபோது அதன் பங்காகக் கிடைத்த கலைத் தொகுப்பைப் பாதுகாக்க அங்கே தகுந்த இடம் இல்லை. பல ஆண்டுகள் வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகரான யெல்லோநைஃபில் இருந்த அந்தத் தொகுப்பில் 7,000க்கும் மேற்பட்ட படைப்புகளை 2015 ஒப்பந்தப்படி வின்னிபெக் இரவலாகப் பெற்றது. உரிமை நுனாவுட்டிடமே இருக்கிறது. என்றாலும் நுனாவுட்டின் தலைநகர் இகாலுயிட் வின்னிபெக்கிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், சாலையும் கிடையாது. பாட்டி செதுக்கியதைப் பார்க்கப் பேத்தி விமானம் ஏற வேண்டியிருக்கிறது.

இகாலுயிட்டிலேயே ஒரு மரபு மையம் எழுப்ப இனுயிட் மரபு அறக்கட்டளை முயன்றுவருகிறது. உறைநிலத்தில், ஒவ்வொரு பொருளும் கப்பலிலோ விமானத்திலோ வர வேண்டிய ஊரில், கட்டுமானச் செலவு மிக அதிகம். வின்னிபெக்குக்குக் கைகொடுத்த அரசுகளும் செல்வந்தர்களும் அந்த முயற்சிக்கும் அதே தாராளத்தோடு கொடுக்க வேண்டும்.