அடக்கப்படாதவை

சென்ற பெருநாள் விடுமுறையில் குடும்பமாகப் பனிச்சங்கேணிக்குப் போயிருந்தோம். வாவி கடலோடு கலக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, மணல்மேட்டின் ஓரமாகக் கடலாமையொன்று செத்து ஒதுங்கிக் கிடந்தது. முன்துடுப்பில் வலை இறுகிய தடம். நான்கைந்து காகங்கள் காத்துக்கொண்டு நின்றன. "ஓட்ட மட்டும் கழட்டி எடுப்பமா வாப்பா?" என்றான் மகன். சின்ன மகள் ஒன்றும் பேசாமல் சிரட்டையொன்றைத் தேடியெடுத்து மணலைத் தோண்டத் தொடங்கினாள்.

அவள் ஏன் தோண்டினாள் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன் லண்டனில் ராத்தா வீட்டுக்குப் போயிருந்தபோது, யூனிவர்சிட்டி கொலேஜின் கிராண்ட் விலங்கியல் நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றோம். பெயர்தான் பெரிது. உள்ளே ஒரு மண்டபமும் அதைச் சுற்றிய மாடமும் மட்டுமே. அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கிய காலத்தில் அங்கு விலங்கியல் கற்பிக்க வந்தவர் ரொபர்ட் எட்மண்ட் கிராண்ட். இளவயதில் டார்வினுக்கு எடின்பரோவில் வழிகாட்டியவரும் அவரே. மாணவருக்குக் காட்ட எதுவும் இல்லாதிருந்ததால் 1828 முதல் அவர் சேர்க்கத் தொடங்கியவைதான் இன்று அலுமாரி அலுமாரியாக நிற்கின்றன. எலும்புக்கூடுகள், சாராயத்தில் ஊறும் உடல்கள், டோடோ பறவையின் எலும்புகள். எல்லாவற்றிலும் கூடுதலாக ஆட்கள் கூடி நிற்பது ஒரு கண்ணாடிப் போத்தலின் முன்னால். அதற்குள் 18 அகழெலிகள், கைகளைக் கண்ணாடியில் ஊன்றியபடி நெருக்கி அடைக்கப்பட்டிருக்கின்றன.

"இதுகள ஏன் இன்னும் அடக்கல்ல வாப்பா?" என்று கேட்டாள் மகள்.

"படிக்கிறதுக்கு வெச்சிருக்காங்க மகள்."

"படிச்சி முடிஞ்சா அடக்குவாங்களா?"

ராத்தா சிரித்துவிட்டா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பதிலில் நியாயம் இல்லாமலில்லை. அதே மண்டபத்தில் குவாகாவின் எலும்புக்கூடு இருக்கிறது. தென்னாபிரிக்காவில் வாழ்ந்த, உடம்பின் முன்பாதியில் மட்டும் வரிகொண்ட வரிக்குதிரை வகை அது. வேட்டையாடியே அதை ஒழித்தார்கள். கடைசிக் குவாகா 1883 இல் அம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிசாலையில் இறந்தது. அதுதான் கடைசி என்று அன்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. உலகில் எஞ்சியுள்ள குவாகா எலும்புக்கூடுகள் ஏழே. இந்த நூதனசாலையில் இருப்பதைக்கூட வெகுகாலம் சாதாரண வரிக்குதிரை என்றே எண்ணியிருந்தார்கள். 1972 இல்தான் அடையாளம் கண்டார்கள். அதைப் புதைத்திருந்தால் மனிதன் செய்த அந்த அழிவுக்கு ஒரு சாட்சி குறைந்திருக்கும்.

ஆனால், தலையை உயர்த்தி மாடத்தைப் பார்த்தபோது அந்த நியாயம் தடுமாறியது. கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபடி குரங்கினங்களின் எலும்புக்கூடுகள் எங்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றோடு ஒரு மனித எலும்புக்கூடும் நின்றது. அது யாருடையது என்று நான் அறியேன். ஒன்று மட்டும் அறிவேன்: ஐரோப்பிய மருத்துவக் கல்லூரிகள் நெடுங்காலம் எலும்புக்கூடுகளை வாங்கியது பெருமளவில் இந்தியாவிலிருந்து. 1985 இல் இந்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடைசெய்யும் வரை, பெயரற்ற ஏழைகளின் எலும்புகள் கல்கத்தாவில் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கப்பலேறின. அவர்களிடம் சம்மதம் கேட்டவர் யார்?

அறிவு என்ற சொல்லைக் கேட்டதும் தலைவணங்கும் பழக்கம் எனக்கும் உண்டு. 2020 அதை உடைத்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் இலங்கையில் கொவிட் தொற்றால் மௌத்தானவர்கள் அனைவரும் கட்டாயமாக எரிக்கப்பட்டார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், நிபுணர் குழுவின் பெயரால், நிலத்தடி நீரின் பெயரால் எரித்தார்கள். பிறந்து இருபது நாளேயான குழந்தையையும் விட்டுவைக்கவில்லை. பொரளை மயானத்தின் இரும்புக் கதவில் கபன் துணித் துண்டுகளைக் கட்டிவிட்டு அழுதது தேசம். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்க அனுமதி வந்தது. இடம் ஓட்டமாவடி, மஜ்மா நகர். பனிச்சங்கேணியிலிருந்து தெற்கே சிறிது தூரம். எல்லா மதத்தவருமாக 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகிறார்கள். 2024 இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. சாம்பலாய்ப் போனவர்களுக்கு அது எட்டுமா?

அடக்கம் செய்வதை மனிதனுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பறவை. சகோதரனைக் கொன்றுவிட்டு உடலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற ஆதமின் மகனுக்கு, நிலத்தைக் கிளறிக் காட்டியது அல்லாஹ் அனுப்பிய காகம். மையித்துக்குச் செய்யும் மரியாதையில் எங்களின் முதல் உஸ்தாது அதுதான். அந்த உஸ்தாதின் இனத்தாரைப் போத்தலில் அடைத்து வைக்கிறோம்.

ஆயினும், அந்தச் சம்பவத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அங்கே புதைத்தவன் கொலையாளி. புதைத்தல் மரியாதையாகவும் இருக்கலாம், மறைத்தலாகவும் இருக்கலாம். 1990 இல் குருக்கள்மடத்தில் கொல்லப்பட்ட எமது மக்களின் உறவினர்கள் கேட்பது மண்ணைத் தோண்டும்படிதான். இத்தீவின் வடக்கில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கேட்பதும் அதுவே. எலும்பு வெளியே வரவேண்டும், சாட்சி சொல்லவேண்டும். அதன் பிறகு முறையாக அடங்கவேண்டும்.

ஆக, கேள்வி மண்ணுக்குள்ளா வெளியிலா என்பதல்ல. இந்த உடல் யாருக்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பதே. குவாகா தன் இனத்துக்காக நிற்கிறது என்று என்னால் சொல்ல முடியும். மாடத்தில் நிற்கும் மனிதனுக்கு அப்படியொரு காரணத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அந்த 18 அகழெலிகள் விடயத்தில் இன்றுவரை எனக்குத் தீர்ப்பில்லை. பார்க்க வருகிறவர்கள் அவற்றைப் பார்த்துப் புன்னகைக்கிறார்கள். அந்தப் புன்னகைக்காக அவை அங்கே இருக்கின்றன என்றால், மகளின் கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய்.

பனிச்சங்கேணியில் அன்று மகனின் ஆசை எனக்கும் இருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். அழகான ஓடு. வீட்டு முன்விறாந்தையில் எங்கே மாட்டலாம் என்றுகூட மனம் ஒருகணம் பார்த்தது. அது சட்டப்படி குற்றமென்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. சட்டம் நினைவுக்கு வருமுன் வெட்கம் வந்திருக்க வேண்டும்.

வலைத் தடம் தெரியும்படி கைபேசியில் ஒரு படம் எடுத்தேன். பிறகு மகனும் நானும் குனிந்து தோண்டினோம். ஈரமணல் சரிந்து சரிந்து குழியை மூடியது. அரைமணி நேரத்துக்கு மேலாயிற்று. காகங்கள் கடைசிவரை போகவில்லை. அவற்றின் பசியை நாங்கள் பறித்துவிட்டோமா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகள் கேட்டுக்கொண்டே வந்தாள்.